புடவைக்குப் போன பேர்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு மேசை கிடக்கிறது. கடையின் பேரைச் சொல்வதாக இல்லை. அவர்கள் ஏற்கெனவே செய்கிற விளம்பரம் போதும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் திரு. கலியன், எம்.ஏ. தமிழ். வயது ஐம்பத்தெட்டு. முழுக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, முகத்தில் எந்நேரமும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரின் பார்வை. அவருடைய உத்தியோகம், புடவைகளுக்குப் பேர் வைப்பது.

இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டா என்று கேட்பவர்கள் சமீபத்தில் பட்டுப்புடவை எடுக்கவில்லை என்று பொருள். "அந்த அரக்குல பச்ச பார்டர் எடுங்க" என்று வாடிக்கையாளர் சொல்ல, ஊழியர் எடுத்துப் போடுவதோடு விஷயம் முடிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ரகத்துக்கு ஒரு பேர் இல்லாவிட்டால் புடவை அட்டைப் பெட்டிக்குள்கூட ஏறாது. பேரும் சும்மா இருக்கக் கூடாது. பழந்தமிழ்ப் பாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அர்த்தம் தெரிய வேண்டிய அவசியமில்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பதவிக்கு அவர் மனுப் போட்டதில்லை. சொந்த ஊர் மாகறல். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். குடும்பத்தில் முதன்முதலாக எம்.ஏ. வரை போன கலியன், தமிழாசிரியர் வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அழைப்பு வரும்வரை இருக்கட்டுமே என்று இந்தக் கடைக்குப் புடவை மடிக்க வந்தார். அழைப்பு இன்னும் வந்து சேரவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், சென்னையிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் கறுப்பில் வெள்ளி இழை ஓடிய புடவை ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று முக்கால் மணி நேரம் ஆராய்ச்சி செய்தார். மடித்து மடித்துக் கலியனுக்குக் கை வலி. எதையாவது சொல்லி முடித்துவிட வேண்டும் என்று, "இதுக்குப் பேரு கார்முகில்மா" என்றார். அந்த அம்மாள் இரண்டாக எடுத்துக்கொண்டு போனார். கல்லாவிலிருந்த முதலாளி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரம் மேற்படி மேசை போடப்பட்டது. ஆக, அவருடைய உத்தியோகமே ஒரு களைப்பில் பிறந்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் இலக்கியம் படிக்கிற முறை வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. இடது கையில் அடிக்கோல், வலது கையில் சிவப்புப் பேனா. கண் பாட்டின் மேல் ஓடும். பூ, மழை, வளையல், இடை, அந்திவானம், மின்னல் என்று பளபளப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் நிற்கும். கோடு விழும். வார்த்தை நீள நோட்டுக்கு மாறும். புடவை வந்ததும் நோட்டில் டிக் விழும். பாட்டில் யார் யாரைப் பிரிந்தார்கள், திரும்பி வந்தார்களா என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம். இப்படிப் பதினொரு நோட்டுகள், மூவாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள். தமிழ் இவ்வளவு பெரிய மொழியாக இல்லாமல் போயிருந்தால் கடையை எப்போதோ மூடியிருக்க வேண்டும்.

புடவைக்குப் பேர் வைக்கிறவர் பிள்ளைக்கு வைக்க மாட்டாரா என்று ஊர் நினைத்தது நியாயம்தான். பிரசவ லீவு எழுதிக் கொடுக்க வருகிற விற்பனைப் பெண்ணிலிருந்து பக்கத்துப் பரோட்டா கடைக்காரர் வரை மூன்றாவது மாடி ஏறினார்கள். "சார், வாயில நொழையற மாதிரி, ஆனா யாருக்கும் இருக்கக் கூடாது" என்பது பொதுவான கோரிக்கை. கலியனும் இலவசமாக வாரி வழங்கினார். எந்த வார்த்தை பிள்ளைக்குப் போனது, எது புடவைக்குப் போனது என்று தனித்தனியாக எழுதி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அதன் பலன், ஆறு வருஷத்துக்கு முன் ஓர் ஆடித் தள்ளுபடியின்போது மாடி ஏறி வந்தது.

வந்தவர் சுகாசினி, பக்கத்து வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயசுப் பெண். அந்தப் பெண்ணுக்கு ஆம்பல் என்று பேர் கொடுத்தவர் கலியன்தான்.

"சார், எம் பொண்ண பாதி வெலைக்குப் போட்டுட்டீங்களாமே?"

கலியன் எழுந்து நின்றார். "இன்னாம்மா சொல்றீங்க?"

"கீழ மைக்குல கத்திக்கினு இருக்கறாங்க சார். 'ஆம்பல், ரெண்டாவது மாடி, பாதி விலை, ஸ்டாக் தீரும்வரை மட்டும்'னு. இவ அழுவறா. 'நான் எப்பம்மா தீந்து போவேன்'னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

இதற்கு எம்.ஏ. பாடத்திட்டத்தில் பதில் இல்லை. கலியன் அன்றைக்கே ஒரு சட்டம் இயற்றினார்: பிள்ளைக்குப் போன வார்த்தை புடவைக்குப் போகாது, புடவைக்குப் போனது பிள்ளைக்குப் போகாது. இதுவரை அவர் மீறாத ஒரே சட்டம். அல்லது, போன ஆடி வரை மீறாதது.

இங்கே அவருடைய சொந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீடு ஓரிக்கையில். மனைவி ரேவதி, ஒரே மகள் ஜீவிதா. மகள் பிறந்தபோது கலியனுக்குப் புத்தகங்களிலிருந்து ஒரு பேர் தேடி வைக்க ஆசை. ஆனால் ஜோசியர் 'ஜீ' என்று ஓர் எழுத்தைக் கொடுத்து, அதைத் தாண்டினால் நாங்கள் பொறுப்பில்லை என்பதுபோலப் பேசிவிட்டார். பழந்தமிழில் 'ஜீ' கிடையாது. எனவே ஜீவிதா. பேர் வைத்து மூன்று வாரம் கழித்து, ஒரு பழைய பாட்டில் 'அந்தளிர்' என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. அழகிய தளிர் என்று அர்த்தம். அதை ஒரு தாளில் எழுதி வைத்தார். புடவை நோட்டுகள் வந்த பிறகு, முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி, சுற்றிக் கட்டம் போட்டார். டிக் போடக் கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பன்னிரண்டு வயசில் ஜீவிதா அதைப் பார்த்துவிட்டாள். "இத எனக்கு வெச்சிருக்கலாம்லப்பா" என்றாள். "லேட்டா கெடச்சுதும்மா" என்றார். "அப்ப எம் பொண்ணுக்கு. வேற யாருக்கும் குடுக்காத. ப்ராமிஸ்?" கலியன் அவள் கையில் அடித்துக் கொடுத்தார். ஆசிரியர் வேலை, சம்பள உயர்வு, லிஃப்டுக்குப் பக்கத்திலிருந்து மேசையை மாற்றுவது என்று அவருடைய வாழ்க்கையில் பிறர் கொடுத்த வாக்குகள் பல உண்டு. அவர் கொடுத்தது இந்த ஒன்றுதான்.

போன ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு நாற்பது ரகம் இறங்கியிருந்தது. நாற்பதுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பேர் வேண்டும் என்று விளம்பரப் பிரிவு மேனேஜர் ஸ்ரீவர்தன் மடிக்கணினியோடு எதிரில் உட்கார்ந்துவிட்டார். சின்னக் காஞ்சிபுரத்துப் பிள்ளை, முப்பத்தொரு வயது, எம்.பி.ஏ.; மரியாதை தெரிந்தவர். அதுதான் சிரமம். மரியாதை இல்லாதவராக இருந்தால் ஒருமுறையாவது 'போய்யா' என்று சொல்லியிருக்கலாம்.

ஒவ்வொரு புடவையாக மேசைக்கு வரும். கலியன் பார்ப்பார். சொல்வார். ஸ்ரீவர்தன் தட்டுவார். தண்துறை, டக். நுண்மழை, டக். பதினைந்தைத் தாண்டியதும் கலியனுக்குப் புடவை தெரியவில்லை, வார்த்தையும் தெரியவில்லை, யாரோ பேசுகிறார்கள், அது தன் வாயிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவது புடவை வந்து விரிந்தது. மாந்தளிர் கலர். மாமரத்தின் புது இலை, பச்சையாக மாறுவதற்கு முன் இரண்டு நாள் ஒரு நிறத்தில் நிற்குமே, செம்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், அந்த நிறம்.

"லாஸ்ட் ஒன் சார். இது முடிஞ்சா நீங்க கிளம்பலாம்."

கலியன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார்.

"அந்தளிர்."

டக்.

"சூப்பர் சார்! மீனிங்?"

"அழகிய தளிர்" என்றார் கலியன், வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிற மாணவனைப் போல. பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஷேர் ஆட்டோ மூங்கில் மண்டபம் தாண்டுகிறபோதுதான், தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார், பர்ஸ் வுட்டுட்டியா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

மறுநாள் காலை திருப்பிக் கேட்டுவிடலாம் என்றுதான் போனார். அதற்குள் முதல் பீஸுக்குப் பூஜை போட்டு, குங்குமம் வைத்து, முதலாளி அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாப்பதுல இதுதான்யா ஹீரோயின். பேரக் கேட்டாலே வாங்கத் தோணுது" என்று கலியனின் முதுகில் தட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தட்டு. கலியன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

ஜீவிதாவுக்கு அப்போது எட்டாம் மாதம். வயிற்றில் இருப்பது பையனாக இருந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது என்று கலியன் கணக்குப் போட்டார். தினம் சாயங்காலம் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். நாட்டில் ஆண் குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் ஆயிரம் காரணம் வைத்திருப்பார்கள். புடவையை முன்னிட்டு வேண்டிக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கடவுள் இந்தக் காரணத்தைப் பொருட்படுத்தவில்லை. புரட்டாசி இரண்டாம் வாரம் பெண் பிறந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, ஜீவிதா கேட்ட முதல் கேள்வி: "அப்பா, நோட்ட எடுத்து வெச்சுட்டியா? முப்பதாம் நாள் பேரு."

"வெச்சிருக்கறம்மா" என்றார். நோட்டு வீட்டில்தான் இருந்தது. ஆக, அது பொய் அல்ல.

ஆஸ்பத்திரி பைபாஸ் பக்கம். வீடு திரும்ப வெள்ளை கேட் சந்திப்பு வழியாக வர வேண்டும். அங்கேதான், இரண்டு மாடி உயர விளம்பரப் பலகையில், ஒரு நடிகை மாந்தளிர்ப் புடவையில் சாய்ந்து நிற்க, எழுத்து ஒன்று ஒரு மாட்டளவு என்ற கணக்கில், 'அந்தளிர்' ஏறியிருந்தது. காரில் முன்சீட்டில் கலியன். பின்சீட்டில் குழந்தையோடு மகளும் ரேவதியும். வெள்ளை கேட் நெருங்கியதும் கலியன் எதிர்ப்பக்க ஜன்னலைக் காட்டி, "தோ பாரும்மா, மாடு!" என்றார்.

"மாடுதானங்க?" என்றாள் ரேவதி. "அதுக்கு இன்னா இப்ப?"

"வெள்ள மாடு."

"வீட்டாண்ட தெனம் நிக்குதே அதுவும் வெள்ள மாடுதான்" என்றாள் ரேவதி. கார் தாண்டிவிட்டது.

கடையின் விளம்பரம் கைபேசியிலும் வருகிறதே என்று அடுத்த கவலை. பில்லிங்கில் இருக்கும் கிரேஸிடம் போய் நின்றார்.

"கிரேஸும்மா, ஒரு போன்ல நம்ம கடையே வராம பண்ண முடியுமா?"

"நானே அதான் சார் பதினோரு வருஷமா ஜெபம் பண்ணிக்கினு இருக்கறேன். யாரு போன்ல?"

"எம் பொண்ணு போன்ல."

கிரேஸ் நிமிர்ந்து பார்த்தார். கட்டம் போட்ட வார்த்தையைப் பற்றிக் கடையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "ஐயய்யோ. அதுவா சார் இது?" என்றார். பிறகு கலியனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "போன மூடலாம் சார். ஊர எப்படி மூடுவீங்க? போயி கேட்டு வாங்குங்க. நீங்க பெத்த பேருதான?" என்றார்.

குழந்தை பிறந்த பத்தொன்பதாம் நாள் கலியன் ஸ்ரீவர்தனின் கண்ணாடி அறைக்குள் போனார். விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்றவருக்கு இது அதிகம்.

ஸ்ரீவர்தன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சார், முதல்லயே சொல்லியிருக்கலாமே. இப்ப ஹோர்டிங் ஏறியாச்சு. பெட்டி அடிச்சாச்சு." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம் சார். பேபிக்கும் அதே பேர் வையுங்கோ. வருஷா வருஷம் பர்த்டேக்கு கடைலேருந்து ஒரு பட்டுப் பாவாடை. ஒரு ரீல் மட்டும் எடுத்துப்போம். அந்தளிர் வேர்ஸ் அந்தளிர்! அந்தளிரே அந்தளிர உடுத்திக்கறா!"

கலியன் இதை இரண்டு நிமிஷம் பரிசீலித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு அவருக்கு அடுத்த ஆடி ஞாபகம் வந்தது. மைக் ஞாபகம் வந்தது. "வேணாம்பா" என்றார்.

"சரி சார். இன்னும் எட்டு நாள்ல, சாயங்காலம், அடுத்த லாட் பெட்டி பிரிண்டுக்குப் போறது. அதுக்குள்ள இதுக்கு ஈடா ஒண்ணு குடுங்கோ. ஈடா இல்ல, ஒரு படி மேல. முதலாளிகிட்ட நான் பேசி மாத்திடறேன். பழைய பேர் உங்களுக்கு."

இதைவிட நியாயமான பேரத்தைக் காந்தி ரோட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கலியன் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

பதினொரு நோட்டையும் கூடத்தில் பரப்பினார். எல்லாம் டிக். மழையில் ஒன்பது வகை போயிருந்தது. நிலாவில் பதினாலு. பூக்களில் மிச்சம் இருந்தவை, பேரைச் சொன்னால் மூலிகைக் கடை ஞாபகம் வருகிறவை. பெண்களின் கண், நுதல், தோள், இடை அனைத்தும் இரண்டாவது மாடியில் விற்றுத் தீர்ந்திருந்தன. மறுபடி புத்தகங்களை எடுத்தார். அடிக்கோல், சிவப்புப் பேனா. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. எழுத்துகள் பூச்சி மாதிரி நெளிந்தன.

"ஊர்ல பேத்தி பொறந்தா லீவு போட்டுப் பேத்தியத் தூக்குவாங்க" என்றாள் ரேவதி, பால் சங்கைக் கழுவியபடி. "இவரு புத்தகத்தத் தூக்கி மடில போட்டுக்கினு உக்காந்துகினு இருக்கறாரு."

மூன்றாம் நாள் மத்தியானம் ஜீவிதா சாப்பிடப் போக வேண்டியிருந்தது. ரேவதி குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து கலியன் மடியில் வைத்துவிட்டு, "அசையாதப்பா. இப்பதான் கண்ணு மூடினா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இடது கை குழந்தையின் தலைக்கு அடியில் போய்விட்டது. எனவே அடிக்கோல் இல்லை. பேனா எட்டாத தூரத்தில் உருண்டிருந்தது. மடிக்கு அந்தப் பக்கம், அட்டை போன பழைய புத்தகம் ஒன்று திறந்தபடி கிடந்தது. வேறு வேலை இல்லாததால் கலியன் படித்தார். யாரோ ஒருத்தி யாருக்கோ காத்திருக்கிற பாட்டு. பாதிப் பாட்டு அந்த ரகம்தான். இந்தப் பக்கத்தை அவர் நாற்பது தடவையாவது தாண்டியிருப்பார். இதில் பூ இல்லை, மழை இல்லை, பளபளப்பு எதுவும் இல்லை. கோடு போட முடியாததால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போக வேண்டியதாயிற்று. போனார். முடிவில் வர வேண்டியவன் வந்துவிட்டான் என்று தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம், இந்த ஆள் வீடு வந்து சேர்ந்ததே நமக்குத் தெரியாதே என்று இருந்தது அவருக்கு. கண்ணாடிக்குள் ஏதோ ஈரம்.

கடைசிக்கு முந்தின வரியில் ஒரு சின்னச் சொல் இருந்தது. கலர் கிடையாது. பார்டர் கட்ட முடியாது. அதைப் புடவைக்கு வைத்தால் ஒரு பீஸ் போகாது. அந்தக் காத்திருந்தவளின் மனசு, ஆள் வந்துவிட்டதைப் பார்த்ததும், என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிற சொல், அவ்வளவுதான். கலியன் குழந்தையைப் பார்த்தார். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குழந்தை தூக்கத்தில் மூக்கைச் சுளித்தது.

ஜீவிதா கை கழுவிவிட்டு வந்தாள். "இன்னாப்பா, கண்ணெல்லாம் கலங்கி இருக்குது?"

"ஜீவிம்மா. ஒண்ணு சொல்லணும். நம்ம பேரு..."

"தெரியும்பா."

"இன்னா தெரியும்?"

"வெள்ள கேட்ல பாத்தேன். நீ இந்தப் பக்கம் மாட்டக் காட்டிக்கினு இருந்தியே, அப்ப." அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "இத்தினி நாளா நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

குழந்தை மடியில் இருந்ததால் கலியனால் எழுந்து போக முடியவில்லை.

"ஏம்பா குடுத்த?"

"களைப்பும்மா." வலது கையால் நோட்டுகளைக் காட்டினார். "காலைலேருந்து சொல்லிக்கினே இருந்தேன். மீதி ஒண்ணும் இல்ல. வாயத் தொறந்தேன், அது வந்துடுச்சி."

ஜீவிதா நோட்டுகளைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கட்டம் இருந்தது. டிக் இல்லை.

"எத்தினியாவது பொடவப்பா?"

"நாப்பது."

"மொதலாவதா குடுத்திருந்தா இன்னிக்கி உங்கூட பேசியே இருக்க மாட்டேன்" என்றாள். நோட்டை மூடினாள். "நாப்பதாவதுன்னா, இன்னா சொல்றது."

கலியன் மேலே சொன்ன பேரத்தை விளக்கினார். ஒரு வார்த்தை கொடுத்தால் பழையது திரும்பி வரும். இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவிடலாம். பிறகு அந்தப் புதிய சொல்லை அவள் காதில் சொன்னார். ஜீவிதா அதைத் திருப்பிச் சொன்னாள். இன்னொரு தரம், குழந்தையைப் பார்த்துச் சொன்னாள். வாசலில் நின்று கூப்பிடுகிறாற்போல நீட்டியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"இது இன்னா கலருப்பா?"

"கலரே இல்லம்மா. அதான் இத்தினி வருசம் என் கண்ணுல படல."

"அப்ப இத எனக்குக் குடு. அத அவங்களே வெச்சுக்கட்டும்." குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அதக் கூப்பிட்டா எனக்கு அந்த நடிகைதான் ஞாபகம் வருவா. ஆனா ஒண்ணுப்பா. இத எந்த நோட்டுலயும் எழுதாத."

இருபத்தேழாம் நாள் சாயங்காலம் கலியன் கண்ணாடி அறைக்குள் போனார். ஸ்ரீவர்தன் ஆவலாக எழுந்தார்.

"கிடைச்சுதா சார்?"

"கெடைக்கலப்பா."

"நெஜமாவா? உங்களுக்கா?"

"தீந்துடுச்சி" என்றார் கலியன். இருபத்திரண்டு வருஷ சேவையில் அவர் வெறுங்கையோடு வந்தது அன்றைக்குத்தான். ஸ்ரீவர்தன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஃபீல் ஸோ பேட் சார்" என்றார். அதுவும் உண்மைதான்.

முப்பதாம் நாள் ஓரிக்கை வீட்டில் தொட்டில் கட்டினார்கள். மாப்பிள்ளை அருளின் தங்கை திரிஷா வந்திருந்தாள். அத்தைக்காரிதான் பேரைக் குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும், அப்புறம் சபைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. கிரேஸ் கேக்கோடு வந்திருந்தார். ஸ்ரீவர்தனும் வந்திருந்தார், கையில் ஒரு பெட்டியோடு. பெட்டிக்குள் ஜீவிதாவுக்குக் கடையின் அன்பளிப்பாக ஒரு மாந்தளிர்ப் புடவை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அந்தப் பேர். ஜீவிதா வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்த்தாள். "கலரு நல்லாதாம்பா இருக்குது" என்றாள் அப்பாவிடம்.

திரிஷா குனிந்தாள். காதில் மூன்று முறை சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது. திரிஷா நிமிர்ந்து, சபைக்குச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இரும்மா, இரும்மா" என்று கலியன் கையைக் காட்டினார். ஸ்ரீவர்தன் பக்கம் திரும்பி, "தம்பி, மொத பந்தி போட்டாச்சு. நீ சீக்கிரம் போகணும்னியே. வா, உக்காரு. தோ இந்த எலை" என்று தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய், மாடிப் பந்தலில் உட்காரவைத்து, வடை விழுகிறவரை பக்கத்திலேயே நின்றார். பிறகு படியிறங்கி வந்து, திரிஷாவைப் பார்த்துத் தலையசைத்தார். திரிஷா சொன்னாள். கிரேஸ் "ஆமென்" என்றார்.

பாயசம் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்த ஸ்ரீவர்தன் கேட்காமல் இல்லை. "சார், கடைசில பேர் என்ன வச்சேள்?"

"பாப்பான்னுதாம்பா கூப்புடறோம்."

"க்யூட்!" என்றார் ஸ்ரீவர்தன். வண்டியில் ஏறுவதற்கு முன், பொங்கலுக்கு முப்பது ரகம் இறங்குகிறது, திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். கலியன் சரி என்றார். திங்கட்கிழமை உட்கார்ந்தார். முதல் புடவை வந்து விரிந்தது. அதற்கும் ஏதோ ஒரு பேர் வந்தது. டக் என்ற சத்தமும் வந்தது.

பாப்பாவின் பேர் நகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது. அன்றைக்குத் தொட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும், அவள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. அதை இங்கே எழுதுவதற்கில்லை. இதைப் படிப்பவர்களில் பட்டுக் கடைக்காரர்களும் இருப்பார்கள். எழுதினால் பொங்கலுக்குள் அது எங்காவது பெட்டியில் ஏறிவிடும். கலியன் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அவருக்கு வயசு ஐம்பத்தெட்டு ஆகிறது.